நெரினாவின் நாக்கு

நெரினா வாட்டோவெட்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருடம் தெவெஸ்கோவி காபிக் கம்பெனியின் ருசிக்கூடத்தில் கழிந்தது. காலை எட்டு மணிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பதினொன்றுக்குள் நாற்பது கிண்ணம். ஒரு கரண்டி, ஒரு உறிஞ்சல், ஒரு துப்பல். த்ரியெஸ்தே துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளில் எது வறுபடும், எது வந்த வழியே திரும்பும் என்பதை அந்தக் கரண்டி சொல்லும். கரண்டி சொன்னதை யாரும் மறுத்ததில்லை.

நாக்குக்காக அவள் நிறைய விட்டிருந்தாள். சென்ட் போடுவதில்லை. மத்தியானத்துக்கு முன் வெங்காயம் தொடுவதில்லை. சிகரெட் பிடிக்கிறவன் என்பதால் ஒருவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் பிறகு சிகரெட்டை விட்டுவிட்டான், வேறொருத்திக்காக. இதைச் சொல்லும்போது அவளே சிரிப்பாள். ஜலதோஷம் பிடித்தால் தொண்டை கட்டிய பாடகி மாதிரி வீட்டில் படுத்துக்கொள்வாள். அன்று கம்பெனிக்குள் ஒரு மூட்டையும் வராது.

கிண்ணத்தின் அடியில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த சட்டம். எந்த நாடு, எந்தத் தோட்டம், என்ன விலை, எதுவும் தெரியக் கூடாது. பெரிய முதலாளி உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, ஏழாம் எண் கிண்ணத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார், அது ஒரு பெரிய எஸ்டேட்டின் சரக்கு என்று சொல்லிவிட்டார். அவள் ஏழாம் எண் கிண்ணத்தை எடுத்து அவர் கண்ணெதிரே தொட்டியில் கொட்டினாள். பெயர் காதில் விழுந்த பிறகு ருசி பார்த்துப் பிரயோஜனமில்லை என்றாள். முதலாளி அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ருசிக்கூடத்துக்கு வெளியே அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. சுற்று. அந்த ஊரில் காபிக்கடைக்காரர்கள் இயந்திரம் வாங்குவதில்லை. காபி எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனிதான் இயந்திரத்தையும் கொடுக்கும். கப், சாஸர், வாசல் பலகை எல்லாம் கூடவே வரும். காபியை நிறுத்தினால் இயந்திரமும் போய்விடும். மாதம் எத்தனை கிலோ எடுக்கிறார்களோ அதற்குத் தக்க இயந்திரம். சதுக்கத்தில் இருக்கும் பெரிய கடைகளுக்கு மிலானில் செய்த சொவ்ரானா. குரோமிய உடம்பு, நீல எனாமலில் சாய்ந்த எழுத்து. மேட்டுத் தெருக்களில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு, ஊதினே பக்கம் ஒரு பட்டறையில் செய்த மெனிஸ். சாம்பல் நிறத் தகடு, சிவப்பில் கட்டை எழுத்து. கம்பெனியின் காபி கடையில் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவர நெரினா மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கடைகளையும் சுற்றுவாள்.

மெனிஸ் இயந்திரம் காபியைத் தீய்க்கும் என்று அவள் சொல்லிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஊதினேயில் ஒரு கண்காட்சியில் மெனிஸ் கடையில் ஒரு கப் குடித்தாள். அங்கே நின்றவன் ஒரு மணி நேரமாக யாருடனோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, தேங்கிய சுடுநீரை இறக்காமல் அப்படியே காபி போட்டான். நாக்கின் அடியில் கரி மாதிரி ஒரு கசப்பு நின்றது. ஒரே ஒரு கப். கம்பெனி அதற்குப் பிறகு மெனிஸ் வாங்கவில்லை. பழையவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. மெனிஸ் பெயரோடு ஊரில் மிச்சமிருந்தது ஒன்றுதான். சான் ஜாகொமோ மேட்டில் எக்லே என்பவளின் கடையில்.

அங்கே போகும்போதெல்லாம் நெரினாவுக்கு அந்தக் கரிக் கசப்பு தெரியும். மெனிஸ் என்றால் அப்படித்தான், என்ன செய்வது என்று விட்டுவிடுவாள். போன கோடையில் சின்ன முதலாளி ரொபெர்த்தோ அட்டை முறையைக் கொண்டுவந்தான். சுற்றில் பார்த்ததை அட்டையில் எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று மோசமான அட்டை வந்தால் இயந்திரத்தையும் பலகையையும் எடுத்துவிடுவார்கள். எழுதச் சொன்னால் நெரினாவுக்குப் பொய் எழுத வராது. எக்லே கடைக்கு முதல் அட்டையில் எழுதினாள்: தீய்ந்த பின்சுவை, மெனிஸ் இயந்திரம் சூடு மிஞ்சும், காபி போடுபவரின் கை அதைச் சரிக்கட்டவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவது அட்டையிலும் அதையே எழுதினாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

மூன்றாவது அட்டையோடு அவள் மேட்டுக்குப் போன அன்று பிப்ரவரிக் காற்று பேருந்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. கடையில் நான்கு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எக்லே கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். ஐம்பதைத் தொடும் வயது, கறுப்புச் சாயம் போட்ட குட்டை முடி.

"வாங்க சியோரா நெரினா. கயிறு கொண்டாந்தீங்களா?"

"கயிறு எதுக்கு?"

"தூக்குல போடத்தான வந்திருக்கீங்க. எங்க வீட்டுக் கயிறெல்லாம் காத்துக்குத் துணி கட்டவே சரியா இருக்கு."

சீட்டுக்காரர்களில் ஒருவர் தலை தூக்காமல், பூட்டப்போகிற கடையில் பாக்கி வைத்தால் கேட்க ஆள் இருக்காது, இன்னொரு கிளாஸ் ஒயின் கொண்டுவா என்றார். எக்லே அவரைப் பார்க்கவில்லை.

நெரினா கோட்டைக் கழற்றி மாட்டினாள். இயந்திரத்துக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் ஆளைக் காணோம். துல்லியோ எங்கே என்று கேட்டாள்.

"உங்க ரெண்டாவது அட்டையப் படிச்சான், போயிட்டான். போயிட்டான்னா நான்தான் போகச் சொன்னேன்."

துல்லியோ அந்தக் கடையில் பத்தொன்பது வருடம் காபி போட்டவன். எக்லேயின் புருஷன் இறந்தபோது பதினைந்து நாள் கடையைத் தனியாகத் திறந்து மூடியவன். கை சரியில்லை என்று அட்டை சொல்கிறது, இரண்டு தரம் சொல்கிறது, நான் வேறென்ன செய்ய என்றாள் எக்லே. இப்போது அவன் தொழிற்பேட்டையில் ஒரு பலசரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அதற்குப் பிறகு இவளேதான் காபி போடுகிறாள். தினமும் காலையில் இரண்டு கப் வீணாக்கிக் கையைப் பழக்கிக்கொள்கிறாள்.

"அவன்கிட்ட என்ன சொல்லி அனுப்பினேன் தெரியுமா? பத்தொம்பது வருஷமா எம் பேரக் கெடுத்துட்டன்னு சொன்னேன். கட்டியிருந்த மேல்துணிய மடிச்சு வெச்சுட்டுப் போனான்."

நெரினாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சங்கடம் நாக்கைத் தொடாது என்பது அவளுக்குப் பழக்கம். ஒரு நேரோ, பால் சேர்க்காத சின்னக் கப் காபி, போடச் சொன்னாள். எக்லே தேங்கிய நீரை இறக்கினாள், மூன்று வரை எண்ணினாள், தூளை அழுத்தினாள், கைப்பிடியை மாட்டினாள். எதிலும் குற்றம் சொல்ல முடியாது. சிவப்புக் கட்டை எழுத்துக்குக் கீழே காபி நூலாக இறங்கியது.

நெரினா பாதியைக் குடித்தாள். முதலில் நன்றாக இருந்தது. பிறகு, அவள் காத்திருந்த இடத்தில், நாக்கின் அடியில், கரி வந்தது.

அவள் கப்பை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். எக்லேயின் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையில் தேதியும் கடைப் பெயரும் எழுதினாள்.

அப்போது கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு திறந்தது. ஃபெருச்சோ வந்தான். கம்பெனியின் மெக்கானிக். நெரினா சேர்ந்த வருடமே அவனும் சேர்ந்தான். நெரினாவைப் பார்த்ததும் அவன் கால் வாசலிலேயே நின்றது. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எக்லேதான் அவனை வரச் சொல்லியிருந்தாள். நான்கு நாளாக வரச் சொல்கிறாள். கை மாறியும் கசப்பு போகவில்லை என்றால் தப்பு இயந்திரத்தில்தானே, திறந்து பார்த்துச் சொல்லு, இந்த அம்மா எழுதுவதற்கு முன்னால் சொல்லு என்றாள். அவன் கோட்டைக் கழற்றாமலே வெப்பமானியை நீட்டி இயந்திரத்தில் நீர் இறங்கும் இரண்டு தலைகளிலும் சூட்டைப் பிடித்துப் பார்த்தான். இம்மி பிசகவில்லை. அழுத்தமும் சரி.

"எல்லாம் சரியா இருக்கு. தெறந்து பாக்க ஒண்ணுமில்ல."

"எல்லாம் சரியா இருந்தா ஏன் தீயுது?"

"தீயுதா? யாரு சொன்னா?"

எக்லே கையை நீட்டி நெரினாவைக் காட்டினாள். ஃபெருச்சோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோயானோவில் ஒரு கடையில் நீர் ஒழுகுகிறது, போக வேண்டும் என்றான். முப்பத்தொரு வருடத்தில் அவன் ஒரு இயந்திரத்தைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி நெரினா கேட்டதில்லை. ஆணியைக் கண்டால் திருகிப் பார்க்கிற ஆள்.

"பக்கத் தகட்டக் கழட்டினா என்ன, உன் மானம் போயிடுமா?" என்றாள் எக்லே. கல்லா இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். "நானே கழட்டறேன். என் புருஷன் செத்ததுலருந்து இந்த வீட்டுல நாந்தான் எல்லாத்தையும் கழட்டறேன்."

சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஃபெருச்சோ, வேண்டாம், கையைச் சுட்டுக்கொள்வாய் என்றான். அவள் அதற்குள் இரண்டு ஆணியை எடுத்துவிட்டாள். நான்காவது வந்ததும் சாம்பல் தகடு அவள் கைக்கு வந்தது. உள்ளே செம்புக் கொதிகலன், வெள்ளை உப்பு படிந்த குழாய்கள். கொதிகலனின் வயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சீட்டு அறைந்திருந்தது.

நெரினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். வருடம் இருந்தது. வரிசை எண் இருந்தது. மிலான் என்று இருந்தது. மேலே, சாய்ந்த எழுத்தில், சொவ்ரானா என்று இருந்தது.

அவள் இன்னொரு முறை படித்தாள். நிமிர்ந்து முன்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே மெனிஸ் என்றுதான் இருந்தது.

"ஃபெருச்சோ" என்றாள். "இது என்ன?"

அவன் பையை இறக்கி வைத்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

ஒன்பது வருடத்துக்கு முன், அக்டோபரில், படகுப் பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சதுக்கத்தில் இருக்கும் அல் மோலோ கடையின் சொவ்ரானாவில் கொதிகலன் வெடித்துவிட்டது. ஊர் முழுக்க ஜனம். கம்பெனிப் பட்டறையில் தயாராக இருந்தது ஒரு பழைய மெனிஸ் மட்டும்தான். அல் மோலோக்காரர் சாம்பல் தகட்டை என் கல்லாவில் வைக்க விடமாட்டேன், அதற்குக் கடையை மூடிவிடுவேன் என்றார். சொவ்ரானாவுக்குச் சட்டகம் அடித்துக் கொடுத்ததே ஒரு காலத்தில் மெனிஸ் பட்டறைதான். நீர் இறங்கும் தலைகளும் இரண்டுக்கும் ஒரே வார்ப்படத்தில் வந்தவை. தகடு மாற்றிப் பார்த்தான். ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்தது. மெனிஸுக்குச் சொவ்ரானாச் சட்டை போட்டு அனுப்பிவிட்டான். பந்தயம் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். அல் மோலோக்காரர் அவனைப் பார்க்கும்போதெல்லாம், பழுது பார்த்த பிறகு இயந்திரம் புதிதாக வாங்கியபோது இருந்ததைவிட நன்றாகக் காபி போடுகிறது என்று முதுகில் தட்டினார். அப்புறம் எப்படிச் சொல்வது. மூன்று வாரத்தில் கொதிகலன் ஒட்டி வந்த சொவ்ரானா பட்டறையில் அம்மணமாக நின்றது. மிச்சமிருந்தது மெனிஸ் தகடு. அதைப் போட்டு இங்கே கொண்டுவந்து வைத்தான்.

"நான் யாருக்கும் கெடுதல் பண்ணல" என்றான். "எக்லேக்கு அவ கணக்குக்குக் கெடைக்காத இயந்திரம் கெடைச்சுது. நல்லதுதான் பண்ணேன்."

"அட்டையப் பத்தி உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்றாள் எக்லே.

தெரியும் என்றான். இரண்டாவது அட்டைக்குப் பிறகுதான் தெரியும். சொன்னால் வேலை போய்விடும். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம்.

நெரினா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் மனசுக்குள் அல் மோலோவில் நின்றுகொண்டிருந்தாள். ருசிக்கூடத்தில் நாற்பது கிண்ணம் துப்பிய பிறகு, தினமும் பதினொன்றரைக்கு, அல் மோலோவில் ஒரு நேரோ. நாளில் அவள் விழுங்கும் காபி அது ஒன்றுதான். ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமையும் போவாள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போய், குரோமியத்தைக் காட்டி, நம் காபி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பது இங்கேதான் என்று சொல்வாள். அட்டைகளில் அந்தக் கடைக்கு அவள் எழுதியது எப்போதும் ஒரே வார்த்தை: குற்றமில்லை.

அது மெனிஸ்.

இங்கே ஒன்பது வருடமாகத் தீய்ந்தது சொவ்ரானா.

அவள் கை தானாகக் கப்பைத் தேடியது. பாதி குடித்து வைத்த காபி ஆறிப்போயிருந்தது. ஆறின காபியில் குற்றம் ஒளிந்துகொள்ள முடியாது. சூட்டில் மறைந்திருப்பது ஆறியதும் இரண்டு மடங்காகத் தெரியும். அவள் சேர்ந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்டது அது. பித்தளைச் சீட்டைப் பார்த்தபடி அவள் மிச்சத்தை வாயில் விட்டு, துப்பாமல், நாக்கின் அடிவரை கொண்டுபோனாள்.

கரி இல்லை. மருந்துக்குக்கூட இல்லை. இனிப்பாக முடிந்தது, வறுத்த பாதாம் மாதிரி.

அதே கப். அதே காபி. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவள் பேனாவைத் திறந்த காபி.

"இன்னொண்ணு போடு" என்றாள். சீட்டாட்டம் நின்றுவிட்டிருந்தது.

எக்லே போட்டாள். நெரினா இம்முறை வேண்டுமென்றே முன்பக்கம் போய் நின்று, சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். உள்ளே இருப்பது என்ன என்று தெரியும். கண்ணால் பார்த்தாகிவிட்டது. விரலால்கூடத் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. இருந்தும் வந்தது. லேசாக, வெட்கமில்லாமல், அதே இடத்துக்கு வந்தது அந்தக் கரி.

அவள் பேயறைந்தவள் போல நின்றாள். திருடனை வீட்டுக்குள் வைத்தே இத்தனை வருடம் வாசலுக்குக் காவல் இருந்த மாதிரி இருந்தது. கிண்ணத்துக்கு அடியில் எண் ஒட்டச் சொன்னவள் அவள். பெயர் காதில் விழுந்ததற்காக ஒரு கிண்ணத்தைக் கொட்டியவள். இயந்திரத்தின் நெற்றியில் இவ்வளவு பெரிதாக எழுதியிருந்ததை அவள் பெயர் என்று எண்ணவே இல்லை.

"என்ன சியோரா?" என்றாள் எக்லே. "இருக்கா இல்லையா?"

"தெரியல."

"முப்பது வருஷமா அதத்தான பாத்துக்கிட்டிருக்கீங்க?"

நெரினா மேசையில் உட்கார்ந்து அட்டையை எழுதி முடித்தாள். நேரம் பிடித்தது. எழுதியதை எக்லே வாங்கி, எட்டப் பிடித்துக்கொண்டு, சீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். காபியில் குற்றமில்லை. முந்தைய இரண்டு அட்டைகளும் தவறு. இயந்திரத்தின் பெயரைப் படித்துவிட்டுக் குடித்தேன். காபி போட்டவரின் கையைப் பற்றி நான் எழுதியது பொய். கீழே கையெழுத்து.

இதை ரொபெர்த்தோவிடம் கொடுத்தால் அவள் கதி என்ன என்று ஃபெருச்சோ கேட்டான். அவன் கதியையும் சேர்த்துத்தான் கேட்டான். தெரியாது என்றாள் நெரினா. உன் பெயரை எழுதவில்லை, ஆனால் கேட்டால் சொல்வேன் என்றாள். அவன் தலையாட்டிவிட்டுத் தகட்டை எடுத்து மாட்டத் தொடங்கினான். எக்லே அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தினாள்.

கடை தப்பிவிட்டது. ஆனால் எக்லேயின் முகத்தில் சந்தோஷம் இல்லை. நன்றியும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் துணியால் ஒரே இடத்தைத் துடைத்தாள். பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். "துல்லியோ, நாந்தான். வெச்சிடாத. ஒருத்தங்க பேசணுமாம்" என்றாள். நெரினாவின் கையில் போனைத் திணித்தாள்.

"நீங்களே சொல்லுங்க. நான் அவன்கிட்ட சொன்னது சொன்னதுதான், அத அள்ள முடியாது. உங்களுடையத நீங்க அள்ளுங்க."

கிடங்கில் வண்டி பின்னால் வரும் மணியோசை கேட்டது. நெரினா நடந்ததைச் சொன்னாள். பித்தளைச் சீட்டைச் சொன்னாள், ஆறின கப்பைச் சொன்னாள், மூன்றாவது அட்டையில் எழுதியதைச் சொன்னாள். கடையில் அவனுக்கு இடம் இருக்கிறது என்றாள். உன் கையில் ஒரு குறையும் இல்லை என்றாள்.

"சியோரா, நீங்க எழுதினது சரிதான்" என்றான்.

"இல்ல துல்லியோ."

"எனக்கும் தெரிஞ்சுதே. மொத அட்டை வந்தப்ப கோவம்தான் வந்துது. இந்தம்மாவுக்கு என்ன தெரியும்னு ஒண்ணு போட்டுக் குடிச்சேன். இருந்துது. நீங்க எழுதின எடத்துலயே, பின்னாடி இருந்துது. அதுக்கப்புறம் ஒவ்வொரு கப்புலயும் இருந்துது. இத்தன வருஷமா ஜனங்களுக்கு இதையா குடுத்தோம்னு ராத்திரி தூக்கமே இல்ல. எக்லே போகச் சொன்னப்ப எனக்குக் கோவமே வரல."

நெரினா கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். அட்டையைப் படிப்பதற்கு முன்னால் எப்போதாவது அவனுக்குத் தெரிந்ததா என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "இல்ல. முன்ன தெரியல. ஆனா எனக்கு நாக்கு கெடையாதே. உங்களுக்கு இருக்கு."

"அங்க ஒண்ணுமே இல்ல துல்லியோ. நான் சொல்றேன்."

"இப்பக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"இப்பத் தெரியலயா?"

எக்லே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெருச்சோவும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நாளைக்கே வந்துவிடுவான்.

"தெரிஞ்சுது" என்றாள் நெரினா. "அங்க இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சுது."

மணியோசை நின்றது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன், இதோ என்று கத்தினான். பிறகு போனில், தணிந்த குரலில், இப்படிப் பேச்சில் சொன்னால் தனக்குப் பிடிபடவில்லை என்றான்.

"அந்த மூணாவது அட்டைல நல்லாருக்குன்னு எழுதியிருக்கீங்கல்ல? அத எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க, சியோரா. உங்க கையெழுத்தோட. எக்லேகிட்ட வெச்சிட்டுப் போங்க. சனிக்கிழம வந்து படிச்சிட்டு, ஒண்ணு போட்டுக் குடிச்சுப் பாக்கறேன்."

போன் அணைந்தது. என்ன சொன்னான் என்று எக்லே கேட்டாள். வருவான் என்றாள் நெரினா. எக்லே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சீட்டுக்காரர் ஒருவர் எழுந்துபோய்த் தானே தன் கிளாஸை நிரப்பிக்கொண்டு, அவளுக்கும் ஒன்று ஊற்றிவைத்தார்.

நெரினா கைப்பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தாள். தேதியும் கடைப் பெயரும் எழுதினாள். காபியில் குற்றமில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் சனிக்கிழமை அது அவனுக்கு இனிக்கும். அவள் எழுதியதால் இனிக்கும். அவள் என்ன எழுதினாலும் அவன் நாக்கு அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அவனுடையது மட்டுமல்ல, அறுபது கடைகளில், முப்பத்தொரு வருடமாக, எத்தனை பேருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேனா முனை அட்டையைத் தொட்ட இடத்தில் மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அவள் எழுதத் தொடங்கினாள்.